வெட்டாமல் விட்ட புல்தரை

முதலில் செருப்புதான் காட்டிக்கொடுத்தது. புல்தரைக்குத் தண்ணீர் விட்டுவிட்டு வீட்டுக்குள் வந்தபோது ஒரு காலில் செருப்பு இல்லை. திரும்பிப் பார்த்தால் குழாய்க்குப் பக்கத்தில் கிடந்தது. அவ்வளவு தூரம் வெறுங்காலோடு நடந்திருக்கிறேன். கால் எனக்குச் சொல்லவே இல்லை.

மறுநாள் கட்டிலைவிட்டு இறங்க முடியவில்லை. அறந்தாங்கியிலிருந்து தஞ்சாவூருக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். கில்லன்-பாரே (நோயை எதிர்க்க வேண்டிய உடலின் ஆற்றல் தன் நரம்புகளையே தாக்குவது) என்றார் நரம்பியல் மருத்துவர். இம்யூனோகுளோபுலின் (பிறர் தந்த இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் எதிர்ப்புப் புரதம்) ஏற்றினார்கள்.

“நடப்பேனா டாக்டர்?”

“நடப்பீங்க. ஆனா நரம்பு மெதுவாத்தான் திரும்ப வளரும்.”

இதே நோயோடு படுத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: அந்த ‘மெதுவா’ எவ்வளவு நீளம் என்று அன்றைக்குப் புரியாது. எனக்கும் புரியவில்லை.

என் கணவர் செல்வம் குவைத்திலிருந்து விடுப்பில் வந்தார். நான் உட்காரத் தொடங்கியதும் திரும்பிப் போனார். மகள் பெங்களூரில் கைக்குழந்தையோடு இருந்தாள். சமைக்கவும் இரவில் துணைக்குப் படுக்கவும் ராசாத்தி அக்கா வருவார். மற்ற நேரமெல்லாம் சக்கர நாற்காலியும் நானும் முன்பக்க ஜன்னலும்தான்.

ஜன்னலுக்கு வெளியே அந்தப் புல்தரை. குவைத்தில் முதலாளி வீட்டில் பார்த்ததைப் போலவே வேண்டும் என்று அவர் ஆசையாகப் போட்டது. நான் ஆஸ்பத்திரியில் கிடந்த கோடையில் தண்ணீரில்லாமல் காய்ந்து திட்டுத் திட்டாகச் செத்திருந்தது. ஐப்பசி மழைக்குப் பிறகு அந்த இடங்களில் தும்பையும் மூக்குத்திப்பூவும் தலைகாட்டின.

புல் வெட்டுகிற முருகையா தெளிப்பானோடு வந்து நின்றார்.

“அண்ணன் போன்ல சொன்னாங்க. களைக்கொல்லி அடிச்சிட்டு, புதுப்புல்லு பதிச்சிரலாங்க.”

“வேணாங்க. இருக்கட்டும்.”

என் காலில் எந்த மாற்றமும் இல்லாத நாட்கள் அவை. வெளியே மட்டும் தினமும் ஏதோ ஒன்று மாறிக்கொண்டிருந்தது. அதை இழக்க மனமில்லை.

அன்று மாலையே குவைத்திலிருந்து அவர் கூப்பிட்டார். “காடு மாதிரி ஆயிரும். பாம்பு வந்து அண்டும். தனியா கெடக்குற, புத்தி இருக்கா ஒனக்கு?”

“தனியாத்தாங்க கெடக்கேன். பாக்குறதுக்கு ஏதாச்சும் வேணும்ல.”

அதற்குப் பிறகு பல நாள், மாத்திரை போட்டாயா என்பதைத் தவிர அவர் எதுவும் கேட்கவில்லை.

விரல்களுக்குப் பலம் வர ரப்பர் பந்தை அமுக்கச் சொல்லியிருந்தார் இயன்முறை மருத்துவர் (பயிற்சி தந்து தசைகளைப் பழக்குபவர்). பந்துக்குப் பதிலாகப் புல் பிடுங்கலாமா என்றேன். சிரித்துவிட்டு, “பிடுங்குங்க, அதுவும் பயிற்சிதான்” என்றார். கொஞ்சம் பலம் வந்ததும் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்து, மிச்சமிருந்த பழைய புல்லைக் கொத்துக் கொத்தாக எடுத்தேன். விட்டால் அது மற்றதை வளரவிடாது. வெறும் இடத்தில், ராசாத்தி அக்கா ரோட்டோரம் உருவிவந்த கொழுஞ்சி, துத்தி, ஆவாரை விதைகளைத் தூவினேன். பாம்புக்குப் பயந்து வீட்டைச் சுற்றி மட்டும் வெறுந்தரையாகப் பெருக்கிவைத்தோம்.

ஒருநாள் உட்கார்ந்த இடத்திலிருந்து எழ முடியவில்லை. போன் உள்ளே இருந்தது. கூப்பிட்டுப் பார்த்தேன், கேட்க யாருமில்லை. அழுது முடித்த பிறகும் நேரம் மிச்சமிருந்தது. தும்பைப் பூக்களில் தேனீக்கள் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன. பொழுது சாய அக்கா வந்து தூக்கும்வரை நானும் அவற்றோடு இருந்தேன். பயம் எப்போது போனதென்று தெரியவில்லை.

அடுத்த மழைக்குப் பிறகு தரை முழுவதும் பூத்தது. கைத்தடியோடு நடுவில் போய் நின்றேன். இடது பாதம் இனி மேலே எழாது, தாங்கியைக் (பாதம் தொங்காமல் பிடிக்கும் பட்டை) கழற்ற முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இப்போது எங்கே போனாலும் அந்தக் காலுக்காகக் காத்திருந்து, அது வந்த பிறகு நான் போகிறேன்.

சென்ற வாரம் குவைத்திலிருந்து அவர் கூப்பிட்டார். “ஆடியில லீவு கெடைக்கும். வாரேன்.”

“ஆடியில எல்லாம் காஞ்சு கெடக்குங்க. கார்த்திகையில வாங்க.”

கல்யாணமான நாளிலிருந்து அவருடைய லீவுதான் எனக்கு நாள்காட்டி. மாதத்தை நான் சொன்னது இதுவே முதல்முறை.

“கேட்டுப் பாக்குறேன்” என்றார்.

அதற்குள் இந்தப் பூக்கள் காய்க்க வேண்டும், வெடிக்க வேண்டும், விதை மண்ணில் கிடந்து மழைக்குக் காத்திருக்க வேண்டும். நானும் இங்கேதான் இருப்பேன்.