கோடு ஏன் மூடவில்லை

என் அக்காவுக்கு நான் வைத்த பட்டப்பெயர் அளவுகோல். சன்னல் திரை அரை விரல் கோணலாகத் தொங்கினாலும் அவளுக்குத் தூக்கம் வராது. புற்றுநோய் ஆய்வுக்கூடத்தில் பன்னிரண்டு வருடமாக வேலை. அவளை நினைத்தால் எனக்குப் பெருமைதான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சிறு குழிகள் கொண்ட தட்டில் புற்றுச் செல்களைப் பாய் விரித்தாற்போல வளர்ப்பாள். நடுவே செல்களை வழித்தெடுத்து வெற்றுக் கோடு ஒன்று கீறுவாள். ஒரே நாளில் இரு பக்கத்துச் செல்களும் நகர்ந்து வந்து கோட்டை மூடிவிடும். உடம்பில் நோய் பரவுவதும் செல்கள் இப்படி நகர்வதால்தான். மருந்துக் காளானின் சாறு விட்ட குழியில் மட்டும் கோடு பாதிகூட மூடவில்லை. மூன்று முறை செய்தும் அப்படியே.

இதை அவள் வீட்டில் சொல்லித் தொலைத்தாள். அம்மாவுக்கு மார்பில் கட்டி, ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தது.

"கத்தியெல்லாம் எதுக்கு? என் பொண்ணோட காளான் இருக்குல்ல" என்று அம்மா ஒரே பிடியாக நின்றாள். தட்டு வேறு, உடம்பு வேறு என்று அக்கா தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லியும் காதில் ஏறவில்லை. நாள் இரண்டு முறை தள்ளிப்போனது. இனியும் தள்ளினால் கைமீறிவிடும் என்றார் டாக்டர்.

நான்காம் முறை செய்யும்போது அக்காவுக்குப் பொறி தட்டியது. காளானை ஆல்கஹாலில் ஊறவைத்துத்தான் சாறு எடுத்திருந்தாள். ஒப்பிட்டுப் பார்க்கும் குழியிலும் அதே அளவு ஆல்கஹால் விட்டிருக்க வேண்டும். அவள் விட்டது வெறும் தண்ணீர். உடனே இன்னொரு குழியில் காளான் இல்லாமல் ஆல்கஹாலை மட்டும் விட்டாள். மறுநாள் பார்த்தால் அந்தக் கோடும் மூடவில்லை.

காளானைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை அச்சுக்குப் போகவிருந்தது. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அதில் அவள் பெயரும் இருந்தது. நானாக இருந்தால் கமுக்கமாக இருந்திருப்பேன். அவள் நேரே ஆய்வுக்கூடத் தலைவரின் அறைக்குப் போய், "சார், தப்பு என்னோடது. கட்டுரைய நிறுத்திடுங்க" என்றாள். பிறகு வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மா முன்னால் நின்றாள்.

"காளான் ஒண்ணும் செய்யலம்மா. ஆல்கஹால்தான் செல்லுகள நகரவிடாம பண்ணிருக்கு. நான்தான் சரியா ஒப்பிட்டுப் பாக்கல."

"அப்போ அதெல்லாம் போதையில கிடந்துச்சா?" என்றாள் அம்மா. அக்கா அழுதுகொண்டே சிரித்தாள்.

"கட்டுரையில பேர் வர்ற நேரத்துல நீயே கெடுத்துக்கிட்டியேடி."

"பேர் எப்ப வேணா வரும். எனக்கு நீ வேணும்மா."

அம்மா என் பக்கம் திரும்பி, "டாக்டருக்குப் போன் போடு" என்றாள்.

ஆபரேஷன் அன்று காலை, பக்கத்துக் கட்டில்காரி ஒரு டப்பாவை நீட்டினாள். "காளான் பொடி. ரொம்ப நல்லாக் கேக்குதுன்னு எல்லாரும் சொல்றாங்க."

அம்மா அக்காவைக் காட்டினாள். "எல்லாரும் சொல்லட்டும். இவ, தான் சோதிச்சதையே தப்புன்னு சொன்னவ. இவ சோதிச்சு நல்லதுன்னு சொல்லட்டும், மூட்டையா வாங்கிக்கிறேன்."

சொல்லிவிட்டு, யார் கையையும் பிடிக்காமல் ஸ்ட்ரெச்சரில் தானே ஏறிப் படுத்தாள்.