மருதை வைத்த பெயர்கள்

மருதை பச்சமலையில் தற்காலிகக் காட்டுக் காவலர். அதற்கு முன் துறையூரில் பதினெட்டு வருஷம் பரோட்டா மாஸ்டர். ஓட்டலை மூடியதும் மலை ஏறிவிட்டார். காட்டில் அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது மருதமரம் மட்டும். அதுவும் சொந்தப் பேர் என்பதால்.

ஞாயிறுதோறும் திருச்சியிலிருந்து காடு பார்க்க வருபவர்களை அழைத்துப் போகும் வேலையும் அவர் தலையில் விழுந்தது. வந்தவர்கள் ஒவ்வொரு மரத்துக்கும் பேர் கேட்டார்கள். தெரியாது என்றால் பாதிப் படத்தில் கரண்ட் போன தியேட்டர் மாதிரி முகம் இருண்டது. எனவே மருதை தானே பேர் வைத்தார். கூடவே அது தீர்க்கும் வியாதியையும் சேர்த்துக்கொண்டார்.

ஐப்பசியில் ஒருநாள் கே.கே. நகரிலிருந்து பன்னிரண்டு பேர் வந்தார்கள். மழை விட்டிருந்தது, பாதை வழுக்கியது. மேலே ஒரு பாறையில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள். ஏறும்போது "சர்க்கரைமுறிச்சான்" என்று அவர் காட்டிய மரம், இறங்கும்போது "எலும்பிணக்கி" ஆகிவிட்டது.

அனுசுயா என்ற அம்மாள் மட்டும் அங்கேயே நின்றார். முப்பது வருஷம் தாவரவியல் டீச்சர்.

"இது உசிலைங்க. பொய் சொன்னா, சொன்னதை ஞாபகமாவது வச்சுக்க வேணாமா?"

மருதை தொப்பியைக் கழற்றினார். "தெரியாதுன்னா யாருக்கும் பிடிக்கலீங்க டீச்சர்."

"தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லுங்க. குடியா முழுகிடும்?"

அடுத்த அரை மணி நேரத்தில் மருதை ஒன்பது முறை "தெரியாதுங்க" என்றார். "அப்புறம் இவரு எதுக்கு நம்மகூட வர்றாரு?" என்று ரயில்வேயில் ஓய்வுபெற்ற ரங்கநாதன் காதுபடவே கேட்டார். ஓடைக்கரையில் ஒரு மரத்தடியில் நின்றும்விட்டார்.

"டீச்சர், நீங்களாவது சொல்லுங்க. இது என்ன மரம்?"

அனுசுயா ஓர் இலையை எடுத்துத் திருப்பினார். கசக்கி முகர்ந்தார். பதினொரு பேரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"டெர்மினாலியா..." என்று இழுத்தார். "பச்சமலையென்சிஸ்."

ரங்கநாதன் மனம் குளிர்ந்து நோட்டில் எழுதிக்கொண்டார். மருதை ஓடையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வேன் வரும்வரை அனுசுயா ஒரு பாறைமேல் உட்கார்ந்தார். மருதை டீ வாங்கிவந்து நீட்டினார்.

"நல்ல பேரா வச்சீங்க டீச்சர்."

"வாயை மூடுங்க." அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "இந்தக் காட்டுல உங்களுக்கு நெஜமா என்னதான் தெரியும்?"

மருதை யோசித்தார். "எந்தப் பாறைக்கு அடியில மலைப்பாம்பு கெடக்கும்னு தெரியுங்க."

டீச்சர் டீயோடு துள்ளி எழுந்தார்.

"இது இல்லீங்க," என்றார் மருதை. "மேல, நீங்க எல்லாரும் இட்லி சாப்பிட்டீங்களே, அது."