ஊரே சேர்ந்து போட்ட வழி

என் தோழியின் காரிலேயே நாங்கள் இமயமலை வரைக்கும் போய்வந்தது பெரம்பலூரில் எங்கள் மருந்துக் கடைக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். "பனியில வெளையாடினீங்களாக்கா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். விளையாடினோம். ஆனால் எனக்கு நினைக்க நினைக்கச் சிரிப்பு வருவது, கிளம்புவதற்கு முன்னால் நாங்கள் போட்ட திட்டத்தை நினைத்துத்தான்.

தோழி அரியலூரில் கணக்கு டீச்சராக இருந்தவள். திருச்சியில் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்த காலத்துப் பழக்கம். ஓய்வு பெற்ற மறுமாதமே ஒரு கார் வாங்கி, ஏலாக்குறிச்சி மாதா கோயிலில் மந்திரித்து, அங்கிருந்து நேராக எங்கள் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"வெயில்லயே வாழ்ந்தாச்சு. ஒரு தடவை பனி பாத்துரணும். வரியாடி?" என்றாள்.

நானும் வண்டி ஓட்டுவேன். ஆனால் மருந்து எடுக்கத் திருச்சிக்குப் போய்வருவதுதான் என் ஓட்டத்தின் எல்லை. கல்லாவில் இருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். "போய்ட்டு வாயேன். கடையை நான் பாத்துக்கறேன்," என்றார் அவர். இரண்டு பேரும் பேசிப் பேசியே விட்டுவிடுவோம் என்று நினைத்திருப்பார்.

அடுத்த வாரமே அவள் ஒரு டைம்டேபிளோடு வந்தாள். பள்ளிக்கூடத்தில் போடுவது போலவே கட்டம் கட்டமாக. எந்த ஊரில் எத்தனை மணிக்குச் சாப்பாடு, எந்த ஊரில் தூக்கம், எல்லாம் இருந்தது. சாயங்கால டீக்குக்கூட ஒரு பீரியட் ஒதுக்கியிருந்தாள்.

"இதுல பாக்கறதுக்கு எங்கடி நேரம் இருக்கு?" என்று கேட்டேன்.

"எதைப் பாக்கறதுக்கு?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்று முதல் கடைக்கு வருகிறவர்களிடம் கேட்க ஆரம்பித்தேன். மருந்துச் சீட்டை வாங்கும்போதே, "நீங்க வடக்கே எங்கயாவது போயிருக்கீங்களா? மறுபடியும் போகணும்னா எந்த ஊருக்குப் போவீங்க?" என்பேன்.

இத்தனை பேருக்குள் இத்தனை ஊர்கள் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பருத்தி வியாபாரி ஒருவர், அதிலாபாத் பக்கம் அறுவடை சமயத்தில் போனால் ரோட்டின் இரண்டு பக்கமும் வெள்ளையாகக் கிடக்கும், பனிக்கு அவ்வளவு தூரம் போகவே வேண்டாம் என்றார். ஒரு நர்ஸ், நாக்பூரில் ஆரஞ்சு பர்பி வாங்காமல் வந்தால் உங்களோடு பேசவே மாட்டேன் என்றாள். அரியலூர் சிமென்ட் ஆலையில் வேலை பார்க்கும் பீகார்க்காரர் ஒருவர் தலைவலி மாத்திரை வாங்க வந்தவர், தன் தலைவலியை மறந்துவிட்டுப் பேசினார். "கயா பக்கம் எங்க வூடு, அக்கா. எங்கம்மா லிட்டி சுட்டுத் தரும், கோதுமை மாவு உருண்டை. நான் போன் பண்ணிடறேன். நீங்க போனா போதும்."

"கயா நம்ம வழியிலயே இல்லையே," என்றாள் தோழி அன்று சாயங்காலம்.

"வழியை அந்தப் பக்கமா திருப்பிட்டா?"

"இப்படியே திருப்பிட்டுப் போனா, ஊரு திரும்பறப்ப நமக்கு எண்பது வயசாயிடும்டி."

ஆனாலும் அவள் விடவில்லை. நான் சொன்ன ஒவ்வொரு ஊரையும் எப்படியாவது கட்டத்துக்குள் அடைக்கப் பார்த்தாள். டீ பீரியட் போயிற்று. சாப்பாட்டு நேரம் பாதியாயிற்று. நாக்பூர் பர்பியை வண்டி ஓடும்போதே வாங்க முடியுமா என்று என்னைக் கேட்டாள். அவள் கேலிக்குக் கேட்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் பூலாம்பாடிப் பட்டாளத்துக்காரர் வந்தார். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மாதா மாதம் பிரஷர் மாத்திரை வாங்க மனைவியோடு பஸ்ஸில் வருவார். என் கேள்வியைக் கேட்டதும் மனிதர் நிமிர்ந்து நின்றுவிட்டார். ஜபல்பூரில் நர்மதையில் படகில் போனால் இரண்டு பக்கமும் பளிங்குப் பாறை என்றார். பதான்கோட்டில் விடியற்காலையில் தெரியும் மலையைக் கையை நீட்டிக் காட்டினார். வரிசையில் நின்றவர்களெல்லாம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே எங்கள் இருமல் மருந்து அலமாரிதான் இருந்தது.

பின்னால் பையோடு நின்றிருந்த அவர் மனைவி மெதுவாகச் சொன்னார்: "இத்தனை ஊரும் எனக்கு மனப்பாடம்மா. ஒண்ணைக்கூடக் கண்ணால பாத்ததில்ல."

குறையாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் யோசிக்கவே இல்லை, வாயில் வந்துவிட்டது. "எங்களோட வரீங்களாக்கா?"

அக்கா கணவரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார். "கார்ல எடம் இருக்கா?"

"பின் சீட்டு பூராவும் காலிதான்."

"அப்ப வரேன்."

பட்டாளத்துக்காரர் மாத்திரைப் பொட்டலத்தைச் சட்டைப்பையில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். பிறகு மனைவியை அழைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் கடையைத் திறக்கும்போதே அவர் மட்டும் தனியாக நின்றிருந்தார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"ஏம்மா, அவளுக்கு பஸ்ல ஏறினாலே வாந்தி வரும். அதுக்கு எந்த மாத்திரை நல்லதோ அதைக் குடு. நாலஞ்சு அட்டையா குடு."

அட்டைகளை எண்ணி எடுத்து வைத்தேன். "நீங்களும் வாங்களேன் ஐயா," என்றேன்.

"நான்தான் பாத்துட்டேனே. அவ பாக்கட்டும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "நேத்து ராத்திரி சாம்பார் வைக்கக் கத்துக்கிட்டேன். உப்புதான் கொஞ்சம் தூக்கல்," என்றார்.

தோழியிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அந்த அக்காவையே வரச்சொல்லிவிட்டேன்; மூன்று பேரும் எங்கள் வீட்டில் கூடினோம். தோழி டைம்டேபிளை விரித்து அக்காவுக்கு விளக்கினாள். அக்கா பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "எனக்கு இதெல்லாம் புரியலை டீச்சர். நான் ஜன்னலோரமா உக்காந்துக்கறேன். நல்லா இருக்கற எடம் வந்தா சொல்றேன், நிறுத்துங்க. அது போதும்," என்றார்.

தோழி என்னைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தத் தாளை மடித்து எங்கள் வீட்டு ஆடும் மேசையின் காலுக்குக் கீழே வைத்தாள். மேசை ஆட்டம் நின்றது.

அதற்கப்புறம் இரண்டு விஷயம்தான் முடிவு செய்தோம். இருட்டின பிறகு வண்டி ஓட்டக்கூடாது. ஒவ்வொரு ஊரிலும் அடுத்த ஊரை அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கிளம்பும் நாளை மட்டும் அக்கா சொன்னார். சிறுவாச்சூர் காளியிடம் சொல்லாமல் அவர் எங்கும் போகமாட்டார். அந்தக் கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும். அதனால் திங்கட்கிழமை. இமயமலைக்குப் புறப்பட்ட நாங்கள் திருச்சி ரோட்டில் தெற்கே போனோம். மாதா கோயிலில் மந்திரித்த வண்டிக்குக் காளி கோயில் வாசலில் எலுமிச்சம்பழம் நசுக்கினோம். "ரெண்டு பக்கமும் சொல்லியாச்சு, இனி பயமில்ல," என்று தோழிதான் சொன்னாள்.

திரும்பி ஊருக்குள் வந்தபோது கடை வாசலில் சின்னக் கூட்டம். என் வீட்டுக்காரர் முதலுதவிப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். அதில் பாதிக் கடை இருந்தது. நர்ஸ் கைநீட்டி, "பர்பி!" என்று மட்டும் சொன்னாள். பட்டாளத்துக்காரர் பின்கதவைத் திறந்து மனைவியை ஏற்றி, முந்தானை மாட்டாமல் பார்த்துக் கதவைச் சாத்தினார். பிறகு நாங்கள் எதிர்பாராத வகையில் ஒரு சல்யூட் அடித்தார். அக்கா வெட்கத்தில் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஆத்தூருக்குப் பக்கத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். டீ போட்டுக் கொடுத்தவர், "இவ்வளவு தூரம் வந்துட்டு முட்டல் அருவியைப் பாக்காம போறீங்களே," என்றார். நாங்கள் இரண்டு பேரும் தோழியைப் பார்த்தோம். அவள் டீ கிளாஸைக் கீழே வைத்தாள். வண்டியில் ஏறி, அருவிப் பக்கம் திருப்பினாள்.

அருவியில் முதலில் இறங்கியது அக்காதான். புடவையோடு தலையை நீட்டி நின்று எங்களையும் இழுத்தார். நனைந்து சொட்டச் சொட்ட வெளியே வந்தபோது பையில் அவர் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டுக் கையைத் தள்ளி வைத்துக்கொண்டு பேசினார்.

"எங்க இருக்க? பெங்களூரு தாண்டியாச்சா?" என்றது பட்டாளத்துக்காரர் குரல்.

"சேலமே இன்னும் வரலைங்க," என்றார் அக்கா.