கிரிக்கெட் இல்லாத ஒரு டென்மார்க்

டென்மார்க்கில் தமிழருக்கென்று ஓர் உதைபந்தாட்ட லீக் நடந்தது என்றால், அதை நடத்தியவன் நான். இதில் அடக்கம் காட்ட எனக்கு மிச்ச வயது போதாது, நேரமும் போதாது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இக்காஸ்டில் துணி ஆலையில் தும்பு கூட்டித் தொடங்கி, மூன்று வருடத்தில் வெட்டு மேசைக்குப் போனவன். பிறகு சொந்தமாகத் துப்புரவுக் கொம்பனி வைத்துப் பதினொரு பேருக்கு வேலை கொடுத்தவன். அந்த ஆள்தான் ஹேர்னிங், இக்காஸ்ட், ஸ்கீவ, ஹோல்ஸ்டெப்ரோ, வைலே என்று எட்டு ஊர்ப் பெடியளை ஒரே அட்டவணைக்குள் கொண்டுவந்தது. படித்தவர்களும் அப்போது இருந்தார்கள். அவர்கள் கூடிக் கதைத்தார்கள். நான் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டேன்.

அந்த லீக்கை இந்த இலையுதிர் காலத்தில் கலைத்தோம். கலைத்த கூட்டத்துக்கும் தலைவர் நானே.

அதற்கும் முன்னமிருந்தே காரில் போகும்போதெல்லாம் மனதுக்குள் ஒரு வேலை செய்துகொண்டிருக்கிறேன். டென்மார்க்கிலிருந்து கிரிக்கெட்டை எடுத்துவிட்டுப் பார்க்கிறேன். மட்டை இல்லை, விக்கெட் இல்லை, ஹேர்னிங் மைதானத்தின் நடுவில் விரித்த அந்தப் பச்சைப் பாய் இல்லை. எங்கள் பெடியளில் ஒருவனுக்கும் அப்படி ஒரு விளையாட்டு இருப்பதே தெரியாது. சனிக்கிழமை விடிந்தால் எல்லாரும் என்னுடைய மைதானத்துக்குத்தான் வரவேண்டும், வேறெங்கே போவது. எட்டு அணி பதினாறாகிறது. முதற்பிரிவு, இரண்டாம் பிரிவு என்று பிரிக்கிறேன். கொப்பன்ஹேகன்காரர் பஸ் பிடித்துப் பெரிய பாலம் தாண்டி வருகிறார்கள், வந்து ஸ்கீவயிடம் தோற்றுப்போகிறார்கள். ஒலிபெருக்கியில் என் குரல் கேட்கிறது. கோல் கம்பங்களுக்கு நடுவில் என் தம்பி நிற்கிறான்.

அந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு நின்றுவிடும்.

தம்பிக்கும் எனக்கும் ஒன்பது வயது வித்தியாசம். அவனை இங்கே கூப்பிட்டவன் நான். என் வீட்டில் வைத்திருந்தவன் நான். ஆலையில் மேற்பார்வையாளரிடம் சொல்லி வேலை எடுத்துக் கொடுத்தவனும் நான். கோல் காக்க நிறுத்தியதும் நான்தான். அவனுக்கு முன்வரிசையில் ஓடி அடிக்கத்தான் ஆசை இருந்தது. ஆனால் அவனுடைய கை நீளத்தை நான் பார்த்திருந்தேன். துணி வெட்டுகிறவனுக்கு ஒரு கையைப் பார்த்தால் அளவு தெரியும். ஆலையில் மிஞ்சிய மஞ்சள் துணியைக் கேட்டு வாங்கி, முழங்கையில் இரட்டைத் துணி வைத்து, அவனுக்கு ஜேர்சி தைத்தேன். அந்த மஞ்சளைக் கண்டாலே ஸ்கீவக்காரர் கரையில் நின்று கத்துவார்கள்: "டேய், கதவு பூட்டிக் கிடக்குதடா. மணியை அடிச்சுப் பாருங்கோ." அவன் சிரிப்பான். வாய் திறக்க மாட்டான். பந்து வரும் முன்னமே அது எங்கே வரும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும்.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. நாலு பேருக்கு முன்னால் தம்பி அண்ணனை மறுத்துக் கதைக்க மாட்டான். மறுப்பு இருந்தால் வீட்டுக்கு வருவான், தேத்தண்ணி குடிப்பான், அதையும் இதையும் கதைப்பான், எழும்பிப் போகிற நேரத்தில் ஒரு வரி சொல்லுவான். நான் கேட்காத மாதிரி இருப்பேன். இரண்டு நாள் கழித்து, என்னுடைய யோசனை மாதிரியே அதை மாற்றிக்கொள்வேன். இரண்டு பேருக்கும் மரியாதை கெடாது. அப்படித்தான் வருடக் கணக்காக ஓடியது.

பிறகு கிரிக்கெட் வந்தது. கொம்யூன் என்கிற நகரசபை அலுவலகத்தில் யாரோ கேட்டு, மைதானத்தின் நடுவில் பாய் விரித்தார்கள். முதலில் பாகிஸ்தான்காரர், பிறகு எங்கள் பெடியள். தம்பியின் கை அங்கேயும் தேவைப்பட்டது; விக்கெட்டுக்குப் பின்னால் அவனை நிறுத்தினார்கள். "சனி உங்களுக்கு, ஞாயிறு அவைக்கு, ஒண்டும் இடிபடாது அண்ணை" என்றான். இரண்டு கோடை இடிபடவில்லை. மூன்றாம் கோடையில் எங்கள் இறுதியாட்டத்தன்று மழை கொட்டியது. ஆட்டத்தை ஞாயிறுக்கு மாற்றினேன். அவனுக்கும் அன்றைக்குக் கிரிக்கெட்டில் முக்கியமான போட்டி. முதலே சொல்லியனுப்பியிருந்தான். நான் நம்பவில்லை. அண்ணனுடைய இறுதியாட்டத்துக்குத் தம்பி வராமல் விடுவானா என்று, நடுவரை அரைமணி நேரம் காக்க வைத்தேன். அவன் வரவில்லை. பின்வரிசைப் பெடியன் ஒருவனைக் கோலுக்குள் நிறுத்தி ஐந்து கோல் வாங்கினோம்.

அன்று வீட்டுக்கு வந்து என் கையாலேயே எழுதினேன்: லீக்கில் பெயர் பதிந்தவர் எந்தக் கிரிக்கெட் அணியிலும் பெயர் பதியக் கூடாது. எழுத்துப் பிழை இருந்திருக்கும். கருத்தில் பிழை இல்லை என்று நினைத்தேன்.

அதைத் தீர்மானிக்கிற சங்கக் கூட்டத்துக்கு நாலு நாள் முன்னால் தம்பி வீட்டுக்கு வந்தான். குசினி மேசையில் இருந்து தேத்தண்ணி குடித்தான். ஆலையைப் பற்றிக் கதைத்தான். எழும்பும்போது, "அண்ணை, அந்த விதி..." என்றான்.

"என்ன அந்த விதிக்கு?"

"ரெண்டும் விளையாடுற பெடியள் கனபேர் இருக்கிறாங்கள்."

"இருந்தாக் கூட்டத்தில வந்து சொல்லட்டும். இது டென்மார்க். இஞ்ச சங்கம் எண்டா எழுதி வச்ச யாப்பு இருக்கு, கூட்டம் இருக்கு, கை தூக்கிறது இருக்கு. குசினிக்குள்ள வச்சு முடிவெடுக்கிறேல்லை. நீயும் சொல்லுறதெண்டா அங்க வந்து சொல்லு."

அவன் கோப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "சரி அண்ணை" என்றான். கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனான்.

டெனிஷ்காரன் சங்கம் நடத்தும் முறையை நன்றாகக் கற்றுக்கொண்டேன் என்று அப்போது எனக்குப் பெருமை. கூட்டத்தில் விதியை உரக்க வாசித்தேன். எதிர்ப்பு யார் என்று கேட்டேன். வைலேக்காரர் இரண்டு பேர் தூக்கினார்கள். ஆதரவு யார் என்று கேட்டேன். முதலில் எழுந்த கை என் தம்பியுடையது. அந்தக் கையைக் கண்டு மற்றக் கைகளும் எழுந்தன.

வீட்டுக்கு வந்து மனைவியிடம், "பாத்தியே, கடைசியில என்ர தம்பி என்ர பக்கம்தான்" என்றேன்.

"வாயால என்ன சொன்னவர்?"

"கை தூக்கினவன் எண்டு சொல்லுறன்."

அவள் சோறு போட்டாள்.

அடுத்த சனிக்கிழமை வாசலில் ஒரு பை இருந்தது. ஜேர்சி தோய்த்து, அயன் பண்ணி மடித்திருந்தது. கையுறைகள் மேலே. சங்கம் தீர்மானித்தபடி அவன் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டான். யாப்பைப் புரட்டினாலும் அவன்மேல் ஒரு குறை கண்டுபிடிக்க முடியாது. அவன் யாரையும் கூப்பிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். பெடியள் தாங்களாகவே போனார்கள். அடுத்த கோடையில் ஆறு அணி, அதற்கடுத்த கோடையில் ஐந்து. மாலைகளில் நான் கோடு போட்டுக்கொண்டிருக்க, மைதானத்தின் மற்றப் பக்கத்தில் கிரிக்கெட் பந்து மட்டையில் படுகிற சத்தம் கேட்கும். நான் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

சண்டை என்று ஒன்றும் இல்லை. சண்டை இருந்திருந்தால் சமாதானம் இருந்திருக்கும். கல்யாண வீட்டில், சாமத்திய வீட்டில் நான் போனால் அவன் எழும்புவான். தன் கதிரையைத் தருவான். "சாப்பிட்டிட்டீங்களோ அண்ணை?" என்பான். "ஓம்" என்பேன். அவ்வளவுதான். பார்த்தவர்கள், இப்படி ஒரு தம்பி ஆருக்குக் கிடைக்கும் என்று என்னிடமே சொல்லுவார்கள். அவன் ஹேர்னிங்கில், நான் இக்காஸ்டில். காரில் கால் மணி நேரம். அந்தக் குசினி மேசைக்கு அதன் பிறகு அவன் வரவில்லை.

போன வசந்தத்தில் என் மகள் என்னைக் கண் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். காரில் என் கிரிக்கெட் இல்லாத டென்மார்க்கைப் பற்றி அவளுக்குச் சொன்னேன். அவள் சின்னதில் இருந்தே ஹேண்ட்பால் விளையாடியவள். வழக்கம்போல் டெனிஷில்தான் பதில் சொன்னாள். கிரிக்கெட் இல்லாவிட்டால் அந்தப் பெடியள் எல்லாரும் ஹேண்ட்பாலுக்கு வந்திருப்பார்கள் என்றாள்.

"அதையும் எடுக்கிறன்" என்றேன்.

"அப்போ பாட்மின்டன்?"

"அதையும்தான்."

சிவப்பு விளக்கில் காரை நிறுத்திவிட்டுத் தமிழுக்கு மாறினாள். "எல்லாத்தையும் எடுத்தா சித்தப்பா வருவாரா பப்பா?"

பச்சை விழுந்தது. கண்ணுக்கு மருந்து விட்டால் எவ்வளவு நேரம் மங்கும் என்று கேட்டேன்.

எங்கள் யாப்பின்படி சங்கத்தைக் கலைக்க இரண்டு பொதுக்கூட்டம் வேண்டும். முதல் கூட்டத்தில் மூன்று அணிகள் மிச்சம். கலைப்பதற்கு எல்லாரும் ஆதரவு. இரண்டாம் கூட்டத்துக்கு முன்னால் நான் தம்பிக்குத் தொலைபேசி எடுத்தேன். அந்த விதியை நீக்கப்போகிறேன், நீயும் வந்து இருக்கவேண்டும் என்றேன். "வாறன் அண்ணை" என்றான். வேறொன்றும் கேட்கவில்லை.

வந்தான். கடைசி வரிசையில் இருந்தான். தலை நரைத்திருந்தது. நான் எழும்பி, இந்த விதியைக் கொண்டுவந்தவன் நான், நானே எடுக்கிறேன் என்றேன். என்னுடைய வாழ்க்கையில் நான் போட்ட எதையும் நான் எடுத்ததில்லை. எல்லாரும் கை தூக்கினார்கள். அவனும்.

ஸ்கீவக்காரர் ஒருவர் சிரித்தார். "அண்ணை, விதியை எடுத்தாச்சு, முழங்காலை ஆர் தாறது? எங்கட அணியில ஆகக் குறைஞ்ச வயசு எனக்கு. எனக்கு ஐம்பத்தி நாலு."

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கடைசி வரிசையைப் பார்த்தேன். என் கிரிக்கெட் பெடியளைச் சனிக்கிழமைகளில் அனுப்புகிறேன் அண்ணை என்று அவன் ஒரு சொல் சொன்னால் போதும். அவன் தலை குனிந்திருந்தான். நாலு பேருக்கு முன்னால் அவன் வாய் திறந்த ஆள் இல்லை. கேட்டிருக்கவேண்டியவன் நான். நான் அடுத்த விடயத்துக்குப் போனேன். லீக் கலைந்தது. கோல் வலைகளை ஒரு டெனிஷ் பள்ளிக்கூடத்துக்குக் கொடுப்பது என்று எழுதிக்கொண்டோம்.

வெளியே கார்த் தரிப்பிடத்தில் எங்கள் இரண்டு கார்களும் மிஞ்சியிருந்தன. அவன் எனக்காக நின்றான்.

"அண்டைக்கு ஏன் கை தூக்கினனீ?" என்றேன்.

"எண்டைக்கு அண்ணை?"

"தெரியாத மாதிரிக் கதையாத."

அவன் சப்பாத்தைப் பார்த்தான். "நீங்கள் முன்னுக்கு நிண்டனீங்கள். எல்லாரும் என்னைத்தான் பாத்தவை. நான் தூக்காட்டி உங்களுக்கு என்ன மரியாதை?"

"எனக்குச் சொல்லியிருக்கலாம்தானே."

"சொல்ல வந்தனான் அண்ணை."

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்லுகிற குரல். வாழ்நாளெல்லாம் ஒலிபெருக்கியில் கதைத்த என் குரல் அப்போது மெதுவாகத்தான் வந்தது.

"வீட்ட வா. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றேன்.

"இன்னொரு நாளைக்கு வாறன் அண்ணை. நீங்கள் கவனமாப் போங்கோ."

அந்த 'இன்னொரு நாளை' நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஒருவர் வீட்டுக்கும் போனதில்லை.

நான் காருக்குள் ஏறினேன். அவன் ஏறவில்லை. தன் கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, நான் முதலில் போகவேண்டும் என்று நின்றான். மழை தூறத் தொடங்கியது. நான் புறப்படாமல் இருந்தால் அவன் அங்கேயே நிற்பான். அதுவரை அவன் என் கண்ணில் இருப்பான். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். அவனுடைய நரைத்த தலை நனைவது கண்ணாடிக்குள்ளால் தெரிந்தது. காரை எடுத்தேன்.