பங்கு ஆடும் போட்டிக் கோடாலியும்

என் அக்காவின் மகள் கிருசிகா மரம் கொத்துகிறவள். இதைச் சொன்னால் சுவிஸில் இருக்கிற எங்கள் தமிழ் ஆட்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு, "பாவம், படிப்பு ஏறேல்லையோ?" என்று கேட்பார்கள். படிப்பு ஏறினபடியால்தான் மரம் கொத்துகிறாள் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் உளைந்துவிட்டது. பேர்ண் பக்கத்தில் ஓர் உயர்கல்லூரியில் அவள் வனவியல் மாணவி. பழைய காலத்து மரவெட்டிகளின் வேலைகளை விளையாட்டாகச் செய்யும் அணி ஒன்று அங்கே இருக்கிறது. ஆளுயரப் பல் வாளால் தனியாக மரம் அறுக்க வேண்டும். படுத்துக் கிடக்கும் மரக் குற்றியின் மேல் ஏறி நின்று, இரண்டு காலுக்கும் நடுவில் கோடாலியால் கொத்தி, அதை இரண்டாக்க வேண்டும். யார் முதலில் முடிக்கிறாரோ அவருக்கு வெற்றி. தோள் திரண்ட சுவிஸ் பிள்ளைகளுக்கு நடுவே, பேர்ண் நகரை ஒட்டிய எங்கள் ஓஸ்டர்முண்டிகன் பிள்ளை பின்னலை இறுக்கிக் கட்டிக்கொண்டு நிற்பதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அவள் காலையே பார்த்துக்கொண்டு நிற்பேன். காலில் போட்டுவிடுவாளோ என்ற பயம்தான்.

அவளுடைய தகப்பன் பரமநாதனுக்கு, அதாவது என் அத்தானுக்கு, பயம் வரவில்லை, மானம் போனது. அத்தான் பேர்ண் நகரத்து உணவகம் ஒன்றில் சமையற்காரர். "நாங்கள் இஞ்சை வந்து கோப்பை கழுவி எழும்பினது என்ர பிள்ளை விறகு கொத்தவோ?" என்று அக்கா யோகாம்பாளோடு சண்டை பிடிப்பார். மகளோடு சண்டை பிடிக்கமாட்டார். அவளோடு அந்தப் படிப்பைப் பற்றிக் கதைப்பதேயில்லை. வெளியில் கேட்டால், "பயோ படிக்கிறா" என்பார். கோயிலில் ஒருவர் விடாப்பிடியாக, "பயோவிலை எந்தப் பக்கம்?" என்று கேட்க, "மரங்களின்ர பக்கம்" என்று சொல்லிவிட்டுச் சப்பாத்தைத் தேடிக்கொண்டு போனார்.

இந்த வைகாசியில் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன். ஐரோப்பிய மாணவர் போட்டிக்குப் போகும் சுவிஸ் அணியில் பெண்களுக்கு ஒரேயோர் இடம். எம்மெந்தால் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் தேர்வில் வெல்கிறவளுக்கு அது கிடைக்கும். போன வருடம் கிருசிகா மூச்சு விடுகிற நேரத்தில் தவறவிட்டாள். இந்த ஜூனோடு அவளுடைய படிப்பு முடிகிறது. மாணவி இல்லையென்றால் மாணவர் போட்டியும் இல்லை. "இதை விட்டால் எனக்கு வேறை இல்லை சித்தி" என்று என் காரில் வரும்போது சொன்னாள். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு என்னால் கார் ஓட்ட முடியவில்லை. எத்தனை மழையில், எத்தனை பனியில் அந்தப் பிள்ளை குற்றியின் மேல் நின்றிருக்கும்!

கோடாலியைப் பற்றியும் சொல்லவேண்டும். போட்டிக் கோடாலி வேறு, விறகுக் கோடாலி வேறு. போட்டிக் கோடாலியின் வாய் சவர அலகு போல மெல்லியது. முடிச்சு இல்லாத மெதுவான பொப்லர் மரத்துக்கென்றே தீட்டுவது. கல்லிலோ ஆணியிலோ தட்டினால் அவ்வளவுதான். கல்லூரி அணியில் பெண்களுக்கென்று இருந்தது நியூசிலாந்திலிருந்து எடுப்பித்த ஒரு நல்ல கோடாலி மட்டுமே. பயிற்சி ஆசிரியர் ஊர்ஸும் கிருசிகாவும் மாதக்கணக்காக அவளுடைய வீச்சுக்கு ஏற்றமாதிரி அதன் வாயைத் தீட்டி எடுத்திருந்தார்கள். கடைசிக் கிழமை ஊர்ஸ் அதை நம்பி அவளிடம் கொடுத்துவிட்டார். அவள் அதை எண்ணெய்த் துணியில் சுற்றி, மரப்பெட்டியில் வைத்து, எங்கள் மாடிக் கட்டடத்தின் நிலவறையில் தங்கள் வீட்டுக்கென்று இருந்த அறையில் பூட்டி வைத்தாள்.

அந்தக் கிழமைதான் அத்தான் மாறினார். வீடுகளுக்கு இலவசமாக வரும் வட்டாரப் பத்திரிகையில் கிருசிகாவின் படம் வந்தது. கோடாலியைத் தலைக்கு மேல் ஓங்கியபடி, பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள். உணவக முதலாளி அதை வெட்டிச் சமையலறைச் சுவரில் ஒட்டி, அத்தானின் கையைப் பிடித்துக் குலுக்கினாராம். சொந்தப் பிள்ளையின் பெருமையை ஒரு வெள்ளைக்காரன் வந்து சொன்னால்தான் எங்கள் ஆட்களுக்கு விளங்கும். அத்தான் வீட்டுக்கு வந்து, "ஞாயிற்றுக்கிழமை நானும் வாறன்" என்றார். அக்கா கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். அன்று முழுக்கக் கிருசிகாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. நான் கண்டேன்.

சனிக்கிழமை காலை பங்கு ஆடு. நாலைந்து குடும்பம் சேர்ந்து ஆட்டுப் பண்ணைக் கமக்காரனிடம் ஓர் ஆட்டை வாங்கி, கசாப்புக்காரனிடம் கொடுத்து உரிப்பித்து, முழு உடலாகக் கொண்டுவந்து தாங்களே வெட்டிப் பங்கு போடுவார்கள். கடையில் துண்டு துண்டாக வாங்கலாம்தான். ஆனால் ஈரலும் எலும்பும் எல்லாப் பங்கிலும் சமமாக விழவேண்டுமென்றால் இப்படித்தான் செய்யவேண்டும். அன்று பங்குக்காரரில் ஒருவரான, பக்கத்துத் தெருச் சந்திரகுமாரின் கராஜில் கூடினார்கள். தொடையெலும்பை உடைக்கிற நேரம் பெரிய கத்தியின் பிடி கழன்றுவிட்டது. அத்தானோ பத்திரிகைத் துண்டை எல்லோருக்கும் காட்டி முடித்து, தலைகால் தெரியாத புளுகத்தில் நின்றவர். "பொறுங்கோ, என்ர மகளின்ர கோடாலி கிடக்கு. ரெண்டு கொத்திலை முடிஞ்சிடும்" என்று சொல்லிப் போய் எடுத்து வந்திருக்கிறார். சந்திரகுமார் பிறகு எனக்குச் சொன்னது இது. முதல் கொத்துக்கே எலும்பு பிளந்ததாம். எல்லோரும் கை தட்டினார்களாம்.

வேலையிடத்தில் தன் கத்தியை ஒருவரையும் தொடவிடாத மனிதர் அவர்! யாராவது அதில் எலுமிச்சம்பழம் வெட்டினாலே மூஞ்சியை நீட்டிக்கொண்டு திரிவார். அவருக்குத் தெரியாதா? தெரியும். கத்தி தன் தொழில், கோடாலி மகளின் விளையாட்டு என்று நினைத்திருந்தார். வேறென்ன சொல்ல?

மத்தியானம் கிருசிகா எண்ணெய் பூசுவதற்காகப் பெட்டியை மேலே கொண்டுவந்தாள். நான் அக்காவுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். துணியை விரித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கோடாலி நன்றாகக் கழுவித் துடைத்திருந்தது. கோப்பை கழுவும் திரவத்தின் வாசம் அடித்தது. வாயில் இரண்டு இடத்தில் விளிம்பு உடைந்து போயிருந்தது. ஒன்று என் சின்ன விரல் நகம் அளவு.

"ஆர் இதைத் தொட்டது?"

கதிரையில் இருந்த அத்தான் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். "நான்தான் பிள்ளை. ஆட்டெலும்பு கொஞ்சம் உடைச்சது. நல்லாக் கழுவித்தான் வைச்சனான்."

"எலும்போ அப்பா?"

"மரத்தையே வெட்டுறது, எலும்புக்கு என்ன செய்யப்போகுது?" என்று எழும்பி வந்தவர், கராஜின் மங்கலில் அவசரமாகக் கழுவினபோது கவனிக்காத கோடாலி வாயை இப்போதுதான் பார்த்தார். கத்தி பிடித்த கை அல்லவா, ஒரு பார்வையிலேயே விளங்கிவிட்டது. முகம் கறுத்துப் போனது. ஓடிப்போய்த் தன் தீட்டுக்கல்லை எடுத்து வந்தார். "தா பிள்ளை, நான் தீட்டித் தாறன். பின்னேரத்துக்கிடையிலை சரியாக்கித் தாறன்."

"தொடாதேங்கோ அப்பா!" கிருசிகா கோடாலியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அவள் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை. அடுப்பில் அந்த ஆட்டுக் கறி கொதித்துக்கொண்டிருந்தது. அக்கா போய் அடுப்பை நிற்பாட்டினாள். அந்தக் கறியை அன்று ஒருவரும் தொடவில்லை.

ஊர்ஸுக்குத் தொலைபேசி எடுத்தாள். அவர் போட்டி மைதானத்தில் ஏதோ வேலையாக இருந்தார் போல, எடுக்கவில்லை. புர்க்டோர்ப் பக்கத்தில் கோடாலி தீட்டும் பட்டறை ஒன்று இருக்கிறது என்றாள். அவளை ஏற்றிக்கொண்டு பறந்தேன். சனிக்கிழமைப் பின்னேரம் இந்த நாட்டில் எது திறந்திருக்கும்? கதவு பூட்டு. அவள் விடாமல் பக்கத்து வீட்டு மணியை அடித்து, பட்டறைக்காரரைத் தோட்டத்திலிருந்து கூட்டிவந்தாள். அந்த மனிதர் நல்லவர். மண் படிந்த கையைத் துடைத்துவிட்டுக் கோடாலியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வாய் முழுவதையும் பின்னுக்குத் தேய்த்து, புதிதாகச் சாய்வெடுக்க ஒரு கிழமை வேண்டும் என்றார். "நாளைக்குப் போட்டி" என்றாள் கிருசிகா. அவர் முடியாது என்று தலையை ஆட்டினார். "நாளைக்கு" என்று அவள் திரும்பவும் சொன்னாள். பிறகு இன்னொரு முறை சொன்னாள். நான் அவளைத் தோளில் பிடித்துக் காருக்குக் கூட்டிவந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அத்தானும் வந்தார். வரவேண்டாம் என்று அவளும் சொல்லவில்லை, வரட்டோ என்று அவரும் கேட்கவில்லை. காரின் பின் இருக்கையில் அக்காவோடு குறுகிக்கொண்டு இருந்தார்.

மைதானத்தில் ஊர்ஸ் பெட்டியைத் திறந்து பார்த்தார். இதைக் கொண்டு கொத்தினால் உருக்குத் துண்டு பறக்கும், விடமாட்டேன் என்றார். மிச்சம் இருந்தது பயிற்சிக் கோடாலிதான். தடித்த வாய். மற்றப் பிள்ளைகளிடம் இரவல் கேட்கவும் முடியாது. எல்லோரும் ஒரே நேரத்தில் கொத்துகிற சுற்று.

"எப்படி நடந்தது?" என்று ஊர்ஸ் கேட்டார்.

"என் பிழை. கல்லில் தட்டிவிட்டது" என்றாள் அவள், சுவிஸ் ஜெர்மனில்.

ஊர்ஸ் பெட்டியை மூடினார். "உன்னிடம் இதை நான் எதிர்பார்க்கவில்லை" என்று மட்டும் சொன்னார். அவள் தலை குனிந்தாள். அத்தான் பக்கத்தில்தான் நின்றார். இவ்வளவு காலம் சுவிஸ் சமையலறையில் வேலை செய்தவருக்கு அந்தப் பாஷை விளங்காதா? நான் முழங்கையால் இடித்தேன். அவர் நிலத்தைப் பார்த்தார். அந்த நேரம் எனக்கு அவரில் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

வாள் சுற்றில் கிருசிகா எல்லோரையும் முந்தினாள். புள்ளிப் பலகையில் அவள் பெயர் முதலில் நின்றது. அது எனக்கு இன்னும் பெரிய வேதனையாகப் போய்விட்டது. தோற்பதென்றால் முதலிலேயே தோற்றிருக்கக் கூடாதா? இரண்டு சுற்றின் புள்ளியையும் கூட்டித்தான் இடம் கொடுப்பார்கள் என்பதால், இப்போது கோடாலிச் சுற்றில் இரண்டாவதாக வந்தாலும் இடம் அவளுக்குத்தான். கடவுளே, இரண்டாவதாக வரட்டும் என்று வேண்டினேன். சூரிச் பக்கத்துப் பிள்ளைகள் கால் தடுக்கி விழவேண்டும் என்றுகூட நினைத்தேன். வெட்கமில்லாமல்தான் சொல்கிறேன்.

காலுக்கு இரும்பு வளைய உறை மாட்டி, குற்றியில் ஏறினாள். விசில் ஒலித்தது. மற்றவர்களின் கோடாலி மரத்துக்குள் புகுந்து புகுந்து வந்தது. பலகை பலகையாக மரச்சிராய் பறந்தது. இவளுடையது மரத்தில் பட்டுத் துள்ளியது, இல்லாவிட்டால் இறுகிக்கொண்டது. இழுத்து எடுத்துத் திரும்பவும் கொத்தினாள். ஒரு பக்கம் பாதி முடிந்து மறுபக்கம் திரும்ப முன்னமே முதலாமவள் முடித்துவிட்டாள். அடுத்தவளும் முடித்தாள். அதற்கடுத்தவளும் முடித்தாள். "ஹொப், ஹொப்!" என்று கத்திய சனம் மெல்லமெல்ல ஓய்ந்தது. ஒலிபெருக்கிக்காரர் அடுத்து வரும் ஆண்கள் சுற்றின் பெயர்களை வாசிக்கத் தொடங்கினார். அவள் மட்டும் கொத்திக்கொண்டிருந்தாள். கொப்புளம் உடைந்து கோடாலிப் பிடியில் இரத்தம். அக்கா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"கொத்து பிள்ளை!" என்று ஒரு சத்தம் கேட்டது. அத்தான். வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நரம்பு புடைக்க, "விடாதை பிள்ளை, கொத்து! கொத்து!" என்று கத்தினார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கொத்தினாள். கடைசியில் குற்றி இரண்டாகி விழுந்தது. அவள்தான் கடைசி. இடம் ஒரு சூரிச் பிள்ளைக்குப் போனது.

அத்தான் நேரே ஊர்ஸிடம் போனார். "கல்லு இல்லை. நான். ஆடு. என் பிழை" என்று உடைந்த ஜெர்மனில், நெஞ்சில் கையை வைத்துச் சொன்னார். ஊர்ஸ் அவரையும் பார்த்தார், தூரத்தில் புல்லில் உட்கார்ந்து கால் உறையைக் கழற்றிக்கொண்டிருந்த அவளையும் பார்த்தார். அத்தானின் கையைப் பிடித்துவிட்டுப் போய்விட்டார். அத்தான் திரும்பி வந்தபோது முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டேன், இனி எல்லாம் சரி என்கிற தெளிவு. கிருசிகாவின் பக்கத்தில் புல்லில் குந்தினார்.

"நான் அவரிட்டைச் சொல்லிப்போட்டன். பிழை என்ரதுதான். நீ யோசியாதை பிள்ளை. வாற வருசம் நீ கட்டாயம் வெல்லுவாய். ஒவ்வொரு போட்டிக்கும் நான் வருவன்."

"வாற வருசம் இல்லையப்பா."

"ஏன் இல்லை? இனி நான் ஒண்டும் சொல்லமாட்டன். நீ நல்லாக் கொத்து."

"இது மாணவருக்கு மட்டும்தான் அப்பா. எனக்கு ஜூனோட முடியுது."

"என்ன முடியுது?"

"படிப்பு."

அத்தான் விறைத்துப் போனார். என்னைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். எங்களுக்குத் தெரியும், எங்கள் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"அதுக்குள்ளையோ?" என்று கேட்டார்.

நேற்றிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் அப்போது அழத் தொடங்கினாள். அத்தான் அவளுடைய கையை எடுக்கப் போனார். இரத்தத்தைக் கண்டதும் எங்கே பிடிப்பதென்று தெரியாமல், தன் கையை நீட்டியபடியே வைத்துக்கொண்டிருந்தார்.