முருகையா கொடுக்காத ரத்தம்

ஊரார் ரத்தத்தைச் சுமந்து சோறு தின்கிற வேலை என்னுடையது. அந்தமானில், மாயாபந்தர் பக்கத்துத் தோட்டங்களில் பூச்சிமருந்து அடிக்கிறவர்களின் உடம்பில் என்ன மாறுகிறது என்று பார்க்கும் ஆராய்ச்சியில் உதவியாள். எட்டாவது படித்தவளுக்கு அது பெரிய வேலை. மருந்தடிக்கும் முன் ஒரு தடவை, சீசன் நடுவில் ஒரு தடவை ரத்தம் எடுப்போம். என்னைப்போல் வீடு வீடாக ஏறி வசவு வாங்கியவர்களே, உங்களுக்குச் சொன்னால் புரியும்.

ஐஸ் பெட்டி

முதல் தடவை முருகையா சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். முழங்கைக்குக் கீழே நீளமாக ஒரு வெட்டுத் தழும்பு. அதன் பக்கத்தில்தான் பஞ்சு ஒட்டினேன். ரத்தம் பிடித்த குழாயை, போர்ட் பிளேர் லேபுக்கு அனுப்ப, ஐஸ் பெட்டியில் வைத்தேன்.

"மீன் பெட்டி மாதிரியே இருக்கே. பாத்துக்கங்கக்கா, போர்ட் பிளேர்ல யாராச்சும் கொழம்பு வச்சிரப் போறாங்க!"

இளநீர்

ரத்தத்தில் மருந்து ஏறியிருந்தால் சரியாகும்வரை மருந்தடிக்கக் கூடாது என்பது விதி. நல்லதற்குத்தான். ஆனால் முதலாளி அந்த வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். அதனால் இரண்டாம் தடவை எல்லோரும் சோப்புப் போட்டுக் குளித்து, இளநீர் குடித்து வந்தார்கள். ரத்தம் அதில் சுத்தமாகாது என்றேன். ஒருவரும் கேட்கவில்லை.

"மூணு குடிச்சிருக்கேன்க்கா. பத்தாதுன்னா சொல்லுங்க, மரம் பக்கத்துலதான் இருக்கு."

தழும்பில்லாத கை

முருகையா பேரைக் கூப்பிட்டதும் அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் தம்பி வந்து உட்கார்ந்தான். கையில் தழும்பு இல்லை. "மருந்தடிச்சு அண்ணனுக்குக் கை நடுங்குதுக்கா, ரத்தம் குடுத்தா மாட்டிக்குவாரு. வேலை போயிட்டா புள்ளை காலேஜ் நின்னுடும்" என்றான் காதோடு. கடல் தாண்டி மெயின்லேண்டில் படிக்கும் என் பிள்ளைகள் இரண்டு பேரும் நினைவுக்கு வந்தார்கள். முருகா, நீயே பார்த்துக்கொள் என்று வேண்டிக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். ஊசி போடும் வங்காளி தாஸ் பாபு முகத்தைப் பார்ப்பதில்லை, நரம்பைத்தான் பார்ப்பார்.

"பஹுத் அச்சா, முருகையா! நெக்ஸ்ட்!"

நல்ல ரிப்போர்ட்

முருகையாவுக்கு ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வந்தது. அவரும் தெம்பாக மருந்தடித்தார். ஒருநாள் கத்திரிப் பாத்தியிலேயே வாந்தியெடுத்து, வேர்த்து விழுந்தார். ஆஸ்பத்திரியில் அந்த ரிப்போர்ட்டைப் பார்த்து, மருந்தாக இருக்காது, எலிக்காய்ச்சல் என்று அதற்கே வைத்தியம் பார்த்தார்கள். மறுநாள் விஷயம் தெரிந்ததும் ஓடிப்போய் டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். வைத்தியத்தை மாற்றினார்கள். உயிர் தங்கியது. ஆனால் சில வாரங்களில் கை கால் மரத்து, டம்ளர்கூடப் பிடிக்க முடியாமல் போனது.

வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். மன்னிச்சிரும்மா என்று கும்பிட்டேன். கரண்டியை வைக்காமலே சொன்னாள்.

"தம்பிய அனுப்புனது நான்தான். கையப் பாத்ததுமே நீங்களாச்சும் வெரட்டி விட்டிருக்கக் கூடாதாக்கா?"

இப்போதெல்லாம் என் இரக்கத்தைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, ஐஸ் பெட்டியை மட்டும்தான் வேலைக்கு எடுத்துப் போகிறேன்.