கண்ணாடிப் படகில் தெரிந்த வெள்ளை

பழைய வண்ணாரப்பேட்டையில் எனக்கு ஒரு சின்னச் சுற்றுலா அலுவலகம் இருக்கிறது. அந்தமானுக்குக் குடும்பங்களை அனுப்புவதுதான் முக்கியப் பிழைப்பு. அங்கே கண்ணாடித் தரை போட்ட படகில் உட்கார்ந்தால் காலுக்குக் கீழே பவளப்பாறை தெரியும். பாதிப் பேர் அதற்காகவே போவார்கள்.

ஒரு கோடையில் படகுக்காரர் போன் செய்தார். "மேடம், கடல் சூடாகிப்போச்சு. பவளமெல்லாம் வெளுத்துப்போச்சு. வர்றவங்க திட்டிட்டுப் போறாங்க." ஏற்கெனவே முன்பதிவுகள் ஒவ்வொன்றாக ரத்தாகிக்கொண்டிருந்தன. சுவரில் மாட்டியிருந்த சிவப்பும் மஞ்சளுமான பவளப் படத்தை நான் கழற்றவில்லை. யாராவது கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். யாரும் கேட்கவில்லை. பெரிய சாமர்த்தியசாலி நான்!

அந்த வாரம்தான், எனக்கு ரவிக்கை தைத்துத் தரும் புளியந்தோப்பு அக்காவும் அவர் கணவரும் வந்தார்கள். சர்க்கரை நோய் அக்காவின் கண்வரை போய்விட்டது. மாதம் ஒரு ஊசி கண்ணில் போட்டுக்கொண்டிருந்தார்.

"கண்ணு நல்லா கீறப்பவே இந்தக் கலரெல்லாம் பாத்துடணும்மா," என்று அந்தப் படத்தைக் காட்டினார். நான் வாயைத் திறக்காமல் டிக்கெட் போட்டேன்.

அவர்கள் போய்வந்து இரண்டு மாதம் கழித்து, தைக்கத் துணி எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். தையல் மெஷின் மேல் போர்வை கிடந்தது.

"இனிமே தைக்கிறதில்லமா. கண்ணு போச்சு."

"இன்னாக்கா சொல்ற?"

"படகுல குந்திகினு பாக்குறேன், கீழ எல்லாம் வெள்ளையா கீது. இவரு பக்கத்துல, தோ சிவப்பு, தோ மஞ்சள்னு சொல்லிகினே வர்றாரு. எனக்கு ஒண்ணும் தெர்ல. அப்பவே புரிஞ்சுபோச்சு. போன கண்ணுக்கு எதுக்கு ஊசின்னு வுட்டுட்டேன்."

கணவர் பதறி எழுந்தார். "ஊசி போதும்னு டாக்டரே சொல்ட்டாருன்னியேடி!"

"உனக்கு எதுக்கு பேஜாருன்னுதான்."

மனைவியின் ஆசை வீணாகக் கூடாது என்று, என் சுவரில் பார்த்த நிறங்களையெல்லாம் அந்த மனுஷன் படகில் ஒப்பித்திருக்கிறார்.

இதற்கு மேலும் சும்மா இருந்தால் நான் மனுஷியே இல்லை. "அக்கா, உன் கண்ணு சரியாத்தான் பாத்துகீது. பவளம் நெஜமாவே வெளுத்துப்போச்சு. கடல் சூடு தாங்கல."

அக்காவின் முகம் ஒரு நொடி மலர்ந்தது. அடுத்த நொடி என்னைப் பார்த்தார். "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

கணவரிடம் திரும்பினார். "நீயும் வெள்ளையாத்தான் பாத்தியா?"

அவர் அழ ஆரம்பித்தார்.

மறுநாளே மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வலது கண்ணைக் காப்பாற்றிவிடலாம் என்றார் டாக்டர். ஊசி போடாமல் விட்ட மாதங்களில் இடது கண்ணில் போனது போனதுதான், இனி திரும்பாது என்றார். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது. அக்கா திட்டியிருந்தால் தேவலை. அன்று சாயங்காலம் அந்தப் படத்தைக் கிழித்துப் போட்டேன். கிழித்து என்ன பிரயோஜனம்?

இப்போதும் எனக்கு அக்காதான் தைத்துத் தருகிறார். ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு மெதுவாகத் தைக்கிறார். சில நாள் நூல் எடுக்கும்போது நீலமா கறுப்பா என்று சந்தேகம் வந்துவிடும். நானும் அவர் கணவரும் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருப்போம். எங்களிடம் கேட்கமாட்டார். நூல்கண்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், "ஏம்மா, இது இன்னா கலரு?" என்று எதிர்வீட்டுக்காரியைக் கேட்டுவிட்டு வருவார்.